கலந்தவன் ஒருவன், பிரிப்பவள் ஒருத்தி!

"குப்பையைப் பிரித்துக் கொடு!" - இது இன்று நாடெங்கும் ஓங்கி ஒலிக்கும் கட்டளை. வண்டியில் கட்டிய ஒலிபெருக்கி இதைப் பாட்டாகப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறது. சுவர்களில் இதுவே எழுதப்பட்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் கையில் இதுவே பதாகையாகக் கொடுக்கப்படுகிறது. கட்டளை நல்லதுதான், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அந்தக் கட்டளை யாரை நோக்கிப் பிறப்பிக்கப்படுகிறது, யாருடைய மாளிகை வாசலுக்குப் போகாமலே திரும்பிவிடுகிறது என்று பார்க்க வேண்டியது அரசியல் அறிந்தோர் கடமை அன்றோ?

சின்னமனூரின் ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். முல்லைப் பெரியாற்றின் நீர் பாய்ந்து நெல்லும் வாழையும் விளையும் பூமி அது. விளைந்ததை அறுக்கவும் சுமக்கவும் கூலிக்குப் போகிற குடும்பங்கள் வாழும் தெரு. காலையில் தூய்மைப் பணிக்கு வரும் பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். வீட்டுக்காரப் பெண், காய்கறித் தோலை ஒன்றில் போடுகிறாள். பிளாஸ்டிக் உறையை மற்றொன்றில் போடுகிறாள். மூன்றாவதாக அவள் கையில் ஒரு மூட்டை இருக்கிறது. கிழிந்த நைட்டி, சாயம் போன பள்ளிச் சீருடை, முழங்கால் தேய்ந்த கால்சட்டை, இழை பிரிந்த பாலியெஸ்டர் சேலை. "இதை எதிலே போடுறது, அக்கா?" என்று கேட்கிறாள். வண்டியோடு வந்தவள் என்ன சொல்வாள்? அவளுக்கு அந்தப் பதிலை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்க வேண்டியவர்களிடமே அந்தப் பதில் இல்லை!

2016ஆம் ஆண்டு மத்திய சர்க்கார் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: மக்குவது, மக்காதது, வீட்டிலிருந்து வரும் அபாயகரமானது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. மூன்று நான்காயிற்று. ஆயினும் துணிக்கென்று ஒரு தனிக் கூடை இரண்டிலும் இல்லை. உடுத்தாத மனிதன் இல்லை. உடுத்தியது கிழியாத வீடும் இல்லை. இருந்தும் கிழிந்த துணிக்குச் சட்டத்திலே தனியிடம் இல்லை! உலர்ந்த குப்பையோடு போகட்டும் என்று விடப்பட்ட துணி, வண்டிக்குள் ஈரக் குப்பையோடு புரண்டு, நனைந்து, நாறி, எவருக்கும் உதவாத பொருளாய்க் கிடங்கின் மேட்டிலே போய்ச் சேருகிறது. நனைந்து நாறிய துணியை நூலாக்க எந்த மில்லும் வாங்காது. காலை ஏழு மணிக்குச் சரக்காக இருந்தது எட்டு மணிக்குக் குப்பையாகிவிடுகிறது.

மக்கள் மீது பழியா?

இதற்கு ஆளும் வட்டாரம் சொல்லும் சமாதானம் ஒன்றே ஒன்று: "ஜனங்களுக்குப் பொறுப்பில்லை." அபராதம் போடு, கட்டணம் வசூலி, திருந்துவார்கள் என்கிறார்கள். இந்தப் பேச்சு எவ்வளவு அநியாயமானது என்பதைச் சின்னமனூரின் எந்த ஏழை வீட்டிலும் நுழைந்து பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

ஏழை வீட்டிலே துணி எளிதில் சாவதில்லை. அம்மாவின் சேலை மகளுக்குத் தாவணியாகிறது. பிறகு பேரப்பிள்ளைக்குத் தொட்டிலாகிறது. தொட்டில் நைந்தால் விரிப்பாகிறது. விரிப்புக் கிழிந்தால் வாழைத்தார் சுமக்கிறவரின் தலையிலே சும்மாடாகிறது. மிச்சம் அடுப்படியில் கரித்துணியாகிறது, வாசலில் கால்மிதியாகிறது. கொஞ்சம் நல்லதாக இருந்தால் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் வரும்வரை பரண் மேலே காத்திருக்கிறது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த மக்களுக்கா பொருளின் அருமை தெரியாது? 'மறுசுழற்சி' என்ற சொல் அமைச்சர்களின் வாயில் நுழைவதற்கு முன்பே அதை வாழ்க்கை முறையாக நடத்திக் காட்டியவர்கள் அல்லவா அவர்கள்!

மக்கள் பக்கத்தில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சுருளித் தீர்த்தத்திலும் பாபநாசத்துத் தாமிரபரணியிலும் நீராடிவிட்டு, உடுத்திய துணியை ஆற்றோடு விட்டால் பாவமும் தோஷமும் போகும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பாவம் போகிறதோ இல்லையோ, துணி போவதில்லை. பாறையிலும் மதகிலும் சிக்கி ஆற்றைத்தான் அடைக்கிறது. இந்த வழக்கத்தை எதிர்த்துப் பேச நாம் தயங்கப் போவதில்லை. ஆனால், இந்த ஒரு குறையைச் சுட்டிக் காட்டிவிட்டு, நாட்டின் துணிக் குப்பை முழுவதையும் ஏழையின் தலையில் கட்டுவது என்ன நீதி?

கணக்கைப் பாருங்கள். பெரிய ஆடைக் கம்பெனிகளையே பங்காளிகளாகக் கொண்ட 'ஃபேஷன் ஃபார் குட்' என்னும் அமைப்பு 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இந்தியாவிலே ஆண்டொன்றுக்குச் சேரும் துணிக் கழிவு ஏறத்தாழ 78 லட்சம் டன் என்று அது மதிப்பிட்டது. அதில் 51 சதவீதம் நம் வீடுகளில் உடுத்திக் கழித்தது. 42 சதவீதம், ஆடை கடைக்கு வருவதற்கு முன்பே மில்லிலும் வெட்டு மேசையிலும் விழுந்தது. 7 சதவீதம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது. ஆகவே, பாதிக்குச் சற்றே குறைவான கழிவு எந்த வீட்டுப் பெண்ணின் கையையும் தொடாதது! அந்தக் கழிவை உண்டாக்குகிறவரின் வாசலில் எந்த ஒலிபெருக்கி பாடுகிறது?

அதே ஆய்வு மற்றொன்றையும் சொல்கிறது. இந்தக் கழிவிலே 59 சதவீதம் மறுபடியும் ஏதேனும் ஒரு வழியில் துணித் தொழிலுக்கே திரும்புகிறது. 19 சதவீதம் தரம் தாழ்ந்த பொருளாக மாறுகிறது. 5 சதவீதம் எரிக்கப்படுகிறது. 17 சதவீதம் குப்பை மேட்டுக்குப் போகிறது. எரிவதும் புதைவதும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 17 லட்சம் டன். அது ஒருபுறம் இருக்கட்டும். அந்த 59 சதவீதத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது யார்? எந்தக் கம்பெனியின் தருமச் சிந்தனையும் அல்ல. எந்த அமைச்சரின் அறிக்கையும் அல்ல. தரையில் உட்கார்ந்து விரலால் பிரித்த உழைப்பாளிகள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

பிரிப்பது ஒரு தொழில்

தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடித் திருப்பூருக்குப் போன குடும்பங்கள் பல உண்டு. பனியன் கம்பெனியில் வேலை என்று கடிதம் எழுதியவர்கள் எல்லோரும் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துவிடவில்லை. சிலருக்குக் கிடைத்தது வேஸ்ட் குடோன்.

பனியன் துணியை அடுக்கி வெட்டும்போது ஓரமும் துண்டுமாக விழுவதைக் 'கட்டிங் வேஸ்ட்' என்பார்கள். மூட்டை மூட்டையாகக் குடோனில் கொட்டப்படும் அதை, பெண்கள் தரையில் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். முதலில் வெள்ளை ஒருபுறம், சாயத் துணி ஒருபுறம். பிறகு சாயத்திலே சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை. நீலத்திலே வெளிர் நீலம் வேறு, கருநீலம் வேறு. அதன்பின் முழுப் பருத்தி எது, பாலியெஸ்டர் கலந்தது எது, இழுபடும் ஸ்பாண்டெக்ஸ் கலந்தது எது என்று தொட்டுப் பார்த்து ஒதுக்க வேண்டும். லேபிள், ரப்பர், அச்சடித்த படம், தையல் நூல் எல்லாவற்றையும் கிள்ளி எறிய வேண்டும். ஒரு கைப்பிடி கலப்புத் துணி பருத்திக் குவியலுக்குள் போய்விட்டால், கிழித்துப் பஞ்சாக்கும் இயந்திரத்தில் அது சிக்கும், நூல் அறும், சரக்குத் திரும்பும். குற்றம் யார் மேல் விழும்? பிரித்தவள் மேல்!

இப்படிப் பிரித்த துணியைக் கிழித்துப் பஞ்சாக்கி, ஓ.இ. மில்கள் தடித்த நூலாக நூற்கின்றன. கிழிபட்ட இழை நீளம் குறைந்தது. ஆதலால் மெல்லிய நூல் வராது. ஆனால் படுக்கை விரிப்புக்கும் லுங்கிக்கும் துண்டுக்கும் கையுறைக்கும் அந்த நூல் போதும். கரூரிலும் சென்னிமலையிலும் விரிப்பு நெய்யும் தறிகளுக்கு அது சோறு போடுகிறது.

இதிலே கவனிக்க வேண்டிய அற்புதம் ஒன்று உண்டு. நீலத் துண்டுகளை மட்டும் பொறுக்கி நூற்றால் நீல நூலே வருகிறது. மறுபடி சாயம் ஏற்ற வேண்டியதில்லை. சாயப்பட்டறைத் தண்ணீர் வேண்டியதில்லை. சாயக் கழிவு ஆற்றில் விழ வேண்டியதுமில்லை. நொய்யல் செத்தது சாயக் கழிவால் என்பது உலகறிந்த செய்தி. 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது. நீதிமன்றம் ஆணையிட்டுத் தடுக்க முயன்ற நஞ்சை, குடோன் பெண்ணின் கண் அன்றாடம் ஓசையின்றித் தடுக்கிறது. வெளிர் நீலத்தையும் கருநீலத்தையும் வேறு பிரிக்கும் அந்தப் பார்வை ஒரு திறமை. இதைத் 'திறனற்ற வேலை' என்று ஏட்டில் எழுதுகிறார்களே, எழுதுகிறவர் ஒரு நாள் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கட்டும்!

திறமைக்குக் கிடைக்கும் பரிசு என்ன? பஞ்சுத் தூசி. நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் பிசினோசிஸ் என்னும் நோய், தொழில் சார்ந்த நோய் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இடம் பெற்றது. நோய்க்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது. நோயாளிக்கு வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா? கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவள், தான் வேலை செய்ததற்கு எந்தச் சீட்டைக் காட்டுவாள்?

கலந்தவன் யார்?

இப்போது மூல வினாவுக்கு வருவோம். துணியைப் பிரிப்பது ஏன் இவ்வளவு கடினமாயிற்று?

ஆண்டிபட்டிப் பக்கத்துச் சக்கம்பட்டித் தறியிலே நெய்த பருத்திச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊடும் பருத்தி, பாவும் பருத்தி. கிழிந்தால் பஞ்சாகும், மண்ணில் விழுந்தால் மண்ணாகும். அதைப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. அதன் பக்கத்திலே இன்றைக்குக் கடைவீதியில் மலிவாகத் தொங்கும் ஆடையை வைத்துப் பாருங்கள். உடல் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தது, ஓரம் ஸ்பாண்டெக்ஸ், தையல் நூல் பாலியெஸ்டர், மார்பிலே பிளாஸ்டிக் படம், பக்கத்திலே ஜிப். ஒரே நூலின் முறுக்குக்குள் பருத்தி இழையும் பாலியெஸ்டர் இழையும் பின்னிக் கிடக்கின்றன. எந்த விரல் அதைப் பிரிக்கும்? எந்தக் கண் அதைக் காணும்? இயந்திரத்தால் கிழித்தாலும் இரண்டும் கலந்தே வரும். ரசாயன முறையில் பிரிக்கும் ஆலைகள் உலகிலேயே மிகச் சில. அவற்றுக்குச் செலவு மிக அதிகம்.

கலந்தது சின்னமனூர்ப் பெண்ணா? வண்டி தள்ளுகிறவளா? குடோனில் உட்கார்ந்திருப்பவளா? இல்லை. பாலியெஸ்டர் எண்ணெய்க் கிணற்றின் பிள்ளை. பருத்தியை விட மலிவு என்பதால் அது கலக்கப்பட்டது. விரைவில் வாங்கி விரைவில் எறிய வேண்டும் என்ற வியாபாரத் திட்டத்துக்காகக் கலக்கப்பட்டது. இன்று உலகில் உண்டாகும் நெசவு இழையில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர். பருத்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். இந்த முடிவை எந்த ஊர்க் கூட்டத்திலும் மக்கள் எடுக்கவில்லை. கம்பெனிகளின் அறைகளில் லாபக் கணக்குப் பார்த்து எடுத்தார்கள். கலக்கும்போது லாபம் அவர்களுக்கு; பிரிக்கும்போது பாடு நமக்கு!

எனவேதான் சொல்கிறோம்: பிரி என்ற கட்டளை முதலில் போக வேண்டிய இடம் வீட்டு வாசல் அல்ல, மில் வாசல். பிரிக்க முடியாததை நெய்கிறவனுக்கு விதியில்லை. பிரித்துக் கொடுக்காதவளுக்கு அபராதம். இது விதியா, சதியா?

பழைய கதை, புதிய களம்

இது புதிதாக முளைத்த அநீதி அல்ல. 1813இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரிலுள்ள பேட்லி என்ற ஊரில், பழைய கம்பளித் துணியைக் கிழித்து மறுபடி நூலாக்கும் தொழில் தோன்றியது. 'ஷாடி' என்று அதற்குப் பெயர். உலகின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் கந்தல் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிற்று. அந்தக் கந்தலைப் பிரித்தவர்கள் பெண்களும் சிறுமிகளும். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியில் கார்ல் மார்க்ஸ் இவர்களை மறக்கவில்லை. மிக இழிவாகவும் மிகக் குறைந்த கூலிக்கும் நடத்தப்படும் தொழில்களுள் ஒன்றாகக் கந்தல் பிரிப்பதைச் சுட்டிக் காட்டினார். அம்மை முதலிய தொற்று நோய்களைக் கந்தல் சுமந்து வந்தது என்பதையும், அதற்கு முதலில் பலியானவர்கள் பிரித்த பெண்களே என்பதையும் பதிவு செய்தார்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அன்று கந்தல் இங்கிலாந்துக்குப் போயிற்று. இன்று இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் நம்மிடம் வருகிறது. குஜராத்தின் காண்ட்லாவில் இறங்கும் பழந்துணிப் பொதிகளைப் பிரிப்பவர்கள் பெண்கள். ஹரியானாவின் பானிப்பட்டில் கம்பளிக் கந்தலைக் கிழித்துப் போர்வையாக்குகிறார்கள். அங்கும் பிரிப்பது பெரும்பாலும் பெண்களே. கப்பலின் திசை மாறியது. தூசியைச் சுவாசிக்கிறவளின் வர்க்கம் மாறவில்லை.

சட்டத்தின் சல்லடை

சர்க்கார் என்ன செய்கிறது? 2025 நவம்பர் 21 அன்று மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி மின்விசை உள்ள இடத்தில் 10 பேர், மின்விசை இல்லாத இடத்தில் 20 பேர் வேலை செய்தாலே அது தொழிற்சாலை. புதிய தொகுப்பு இதை 20 என்றும் 40 என்றும் உயர்த்திவிட்டது.

துணி பிரிப்பது கையால் நடக்கும் வேலை. 40 பேர் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தால்தான் தொழிற்சாலை என்றால், 15 பேரும் 25 பேரும் உட்கார்ந்திருக்கும் குடோன்களின் கதி என்ன? அவை தொழிற்சாலையே அல்ல! "குறைந்தபட்சக் கூலி எல்லோருக்கும் உண்டு" என்று தொகுப்பைக் காட்டிச் சொல்வார்கள். ஏட்டிலே உண்டு. கேட்கப் போக வேண்டிய ஆய்வாளரையோ, ஆய்வாளரும் ஆலோசகரும் சேர்ந்த ஒருவராகச் சட்டமே மாற்றிவிட்டது. சல்லடையின் கண்ணைப் பெரிதாக்கிவிட்டு, ஒன்றும் தங்கவில்லையே என்று கை விரிப்பதுபோல் இருக்கிறது இந்த நியாயம்.

மாநிலத்திலோ, வண்டி தள்ளுகிறவளின் வேலையே நிலையற்றதாகிறது. தூய்மைப் பணியைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தொழிலாளர்கள் 13 நாட்கள் இரவும் பகலும் அமர்ந்து போராடினார்கள். இறுதியில் நள்ளிரவில் போலீசைக் கொண்டு அப்புறப்படுத்தப்பட்டார்கள். நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவளிடம், இன்று குப்பையை நான்காகப் பிரி என்று சொல்கிறார்கள். ஒப்பந்தக்காரனுக்குக் கொடுக்கும் பணமோ பெரும்பாலும் எடைக்குக் கணக்கு. நனைந்த துணி எடை கூடும். அதை உலர்த்திப் பிரிக்கவா அவன் ஆள் வைப்பான்?

அவர்கள் சொல்லும் வாதங்கள்

"உற்பத்தியாளரிடம் பணம் கேட்டால் துணி விலை ஏறும்; ஏழைதான் பாதிக்கப்படுவான்" என்று ஒரு வாதம் வரும். ஏழைமேல் இவர்களுக்குத் திடீர்க் கருணை! இன்றைக்கும் ஏழைதான் கொடுக்கிறான். குப்பைக் கட்டணமாகக் கொடுக்கிறான். அடைபட்ட சாக்கடையின் கொசுக்கடியாகக் கொடுக்கிறான். எரியும் பாலியெஸ்டர் புகையாகக் கொடுக்கிறான். மனைவியின் நுரையீரலாகக் கொடுக்கிறான். ஒரே இழையால் நெய்த துணிக்குக் குறைந்த கட்டணமும், பிரிக்க முடியாத கலப்புக்கு அதிகக் கட்டணமும் விதித்துப் பாருங்கள். கலப்பவன் தானே யோசிப்பான்.

"சிறிய மில்கள் நசிந்துபோகும்" என்பது இரண்டாவது வாதம். சிறு முதலாளியை நாம் பெரும் கம்பெனியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. 2023ஆம் ஆண்டு, மின்கட்டணச் சுமையும் கழிவுப் பஞ்சின் விலையும் தாங்காமல் ஓ.இ. மில்கள் உற்பத்தியை நிறுத்திய காட்சியைத் தமிழகம் கண்டது. மறுசுழற்சியின் முதுகெலும்பான அந்த மில்களுக்கு, 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று மேடையில் முழங்குகிறவர்கள் செய்த உதவி என்ன? கட்டணம் கேட்க வேண்டியது கந்தலை நூலாக்குகிறவரிடம் அல்ல. புதிதாக நெய்து, தன் முத்திரை குத்தி விற்கிற பெரும் கம்பெனியிடம். அந்தப் பணத்தில் பிரிப்பவளுக்குக் கூலியும், மறுநூல் நூற்கும் சிறு மில்லுக்கு மின்கட்டணச் சலுகையும் கொடுக்கலாம்.

"உலகத்தில் எங்கே உண்டு இது?" என்பது மூன்றாவது வாதம். உண்டு! பிரான்ஸ் நாடு 2007லேயே துணி விற்பவர்மேல் இந்தப் பொறுப்பைச் சட்டமாக்கியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2024இல் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் துணிக் கழிவைத் தனியே சேகரிப்பது 2025 ஜனவரி முதல் கட்டாயம். உற்பத்தியாளர் பொறுப்புக்கும் அதே ஆண்டில் அங்கே சட்டம் வந்தது. இந்தியாவிலும் இந்தக் கொள்கை புதிதல்ல. பிளாஸ்டிக்குக்கு உண்டு, மின்னணுக் கழிவுக்கு உண்டு, பேட்டரிக்கு உண்டு, டயருக்கு உண்டு, பழைய எண்ணெய்க்கும் உண்டு. 2022, 2023 ஆண்டுகளில் வரிசையாக வந்த அந்த விதிகளில் துணியை மட்டும் விட்டது ஏன்?

இதிலே இன்னொரு வஞ்சகமும் இருக்கிறது, கவனியுங்கள். ஐரோப்பாவிலே அந்தக் கட்டணம், சட்டை விற்கும் நாட்டில் வசூலாகிறது. அந்த நாட்டுக் குப்பைக்குச் செலவாகிறது. அந்தச் சட்டையை வெட்டியபோது திருப்பூரில் விழுந்த துண்டுக்கு அதில் ஒரு காசும் கிடையாது. பாரிசில் விற்கும் சட்டை பாரிசின் குப்பைக்குப் பணம் கட்டும். திருப்பூர்க் குடோனில் அதன் ஓரத்தைப் பொறுக்குகிறவளுக்குத் தூசியைத் தரும்! உடுத்திக் கழித்ததோ, பிரித்தபின் கானா நாட்டின் அக்ரா சந்தைக்கும் நம் காண்ட்லாவுக்கும் கப்பலேறும். ஆகவே வெளிநாட்டுச் சட்டத்தை அப்படியே பெயர்த்து எழுதினால் போதாது. துண்டு விழுந்த இடத்துக்கும் பணம் வர வேண்டும்.

நாம் கேட்பது

நமது கோரிக்கைகள் வானத்தை வில்லாக வளைக்கச் சொல்பவை அல்ல.

ஒன்று: துணிக்கும் உற்பத்தியாளர் பொறுப்பு விதி வேண்டும். பெரும் கம்பெனிகளிடம் வசூலாகும் கட்டணம் சேகரிப்புக்கும் பிரிப்புக்கும் நேராகப் போக வேண்டும். ஏற்றுமதி ஆடையை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியும் இங்கே விழும் கழிவுக்குப் பங்கு கொடுக்க வேண்டும்.

இரண்டு: ஒவ்வோர் ஆடையிலும் என்ன இழை, எத்தனை சதவீதம் என்பது அழியாதபடி தமிழிலும் குறிக்கப்பட வேண்டும். பிரிப்பவள் ஊகித்துப் பழி சுமக்கக் கூடாது.

மூன்று: ஒவ்வொரு நகரசபையிலும் துணிக்கென்று தனிப் பை, மாதத்தில் குறித்த நாளில் தனி வண்டி, மழை நனையாத பிரிப்புக் கூடம் வேண்டும். அங்கே வேலை செய்பவர்கள் நிரந்தரத் தொழிலாளர்களாக இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரன் இடையில் கூடாது.

நான்கு: தலை எண்ணிக்கை எதுவாயினும், துணி பிரிக்கும் குடோன் அனைத்தும் பதிவு செய்யப்பட வேண்டும். தூசி உறிஞ்சும் விசிறி, முகக்கவசம், உட்கார மேசை, ஆண்டுக்கொரு நுரையீரல் பரிசோதனை, இ.எஸ்.ஐ., வருங்கால வைப்பு நிதி, திறமைக்கேற்ற கூலி ஆகியன சட்டத்தால் உறுதி செய்யப்பட வேண்டும்.

ஐந்து: அரசு மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் வாங்கும் கால்மிதி, துடைக்கும் துணி, திரை, கம்பளம் ஆகியவற்றில் ஒரு பங்கு மறுநூலில் நெய்ததாக இருக்க வேண்டும். வாங்குவதற்கு ஆள் இருந்தால் மில் ஓடும். மில் ஓடினால் பிரிப்பவளுக்கு வேலை நிற்கும்.

தோழர்களே!

இந்தக் கோரிக்கைகளை மாநாட்டுத் தீர்மானமாக எழுதி அடுக்கி வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. சின்னமனூரிலும், உத்தமபாளையத்திலும், கம்பத்திலும், போடியிலும் உள்ள நம் கிளைகள் இந்த வாரமே தொடங்கலாம். முதலில் உங்கள் வார்டில் வண்டி தள்ளும் பெண்ணிடம் போய்ப் பேசுங்கள். போதிக்கப் போகாதீர்கள், கேட்கப் போங்கள். எந்தத் துணி வருகிறது, எது விலை போகிறது, எது எரிகிறது என்பது அவளுக்குத் தெரிந்த அளவு எந்த அதிகாரிக்கும் தெரியாது. பழைய துணி வாங்க வருகிறவரிடம் கேளுங்கள். திருப்பூர்க் குடோனில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கும் சகோதரிகளைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள். நகரசபைக் கூட்டத்தில் நம் உறுப்பினர்கள் எழுந்து, "துணிக்குக் கூடை எங்கே? பிரிப்பவளுக்குக் கூலி எங்கே?" என்று கேட்கட்டும்.

சின்னமனூர் என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்குச் செப்பேடுகள் நினைவுக்கு வரும். பாண்டிய மன்னர் எந்த ஊரை யாருக்குத் தானம் கொடுத்தார் என்பது ஆயிரம் ஆண்டு கடந்தும் அழியாமல் அவற்றிலே நிற்கிறது. கொடுத்தவர் பெயர் உண்டு. பெற்றவர் பெயர் உண்டு. மன்னர் உடுத்திய ஆடையை நூற்றவள் பெயர் செப்பேட்டில் இல்லை. வெளுத்தவர் பெயரும் இல்லை. அது மன்னர் காலம். இது மக்கள் ஆட்சிக் காலம் என்கிறார்களே, இன்றைய ஏட்டிலாவது, வருகைப் பதிவேட்டிலாவது, அந்தப் பெண்ணின் பெயர் ஏற வேண்டாமா?

கலந்தவன் கட்டணம் கட்டட்டும்! பிரிப்பவள் தலை நிமிரட்டும்!